எந்தத் துப்பாக்கி

அண்ணன் துப்பாக்கி வாங்கவேண்டும் என்று சொன்னபோது எந்தத் துப்பாக்கி என்றுதான் கேட்டேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. 2025 மே மாதம் அது. அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் எதற்கு என்று கேட்கிற நிலையில் இல்லை. முந்தைய நவம்பரில் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் அவர்கள் மகனும் கொல்லப்பட்டிருந்தார்கள். இப்போது சிவகிரிக்குப் பக்கத்தில் இன்னொரு தோட்டம், இன்னொரு முதிய தம்பதி. போனை யாரும் எடுக்காததிலிருந்துதான் விஷயம் வெளியே தெரிந்தது.

எங்கள் ஊர் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சாவூர்ப் பக்கம்போல வீடுகள் தெருவாகச் சேர்ந்து நிற்பதில்லை. அவரவர் பூமிக்கு நடுவில் அவரவர் சாளை. காங்கயத்துப் பக்கம் கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடுகள், அவற்றுக்கு இடையில் இட்டேரி, இட்டேரி முடிகிற இடத்தில் ஒரு ஓட்டு வீடு. பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லப்படுகிறவன் அரை மைல் தள்ளி இருப்பான். கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். அப்போது கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் போய்விட, மிஞ்சியது இரண்டு கிழங்கள், நான்கு மாடு, ஒரு நாய். அண்ணனுக்கு எழுபத்து நாலு. அண்ணிக்கு அறுபத்தெட்டு. இருவரும் தவிர அந்த இட்டேரியில் ராத்திரி மூச்சு விடுவது மாடுகள்தான்.

ஆகவே எந்தத் துப்பாக்கி.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிகம். நாமெல்லாம் அதைக் கவிதையில் எடுத்தவர்கள். கவிதையில் அதற்கு விட்டம் கிடையாது, எடை கிடையாது, லைசென்ஸ் கிடையாது. வியாபாரியின் கடையில் அதெல்லாம் உண்டு என்பதை என் எழுபதாவது வயதில் தெரிந்துகொண்டேன். அண்ணனுக்கு இங்கிலீஷ் விண்ணப்பம் பூர்த்தி செய்ய ஆள் வேண்டியிருந்தது. எழுதுகிறவன் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. முதல் தடவையாக அதற்கு ஒரு உபயோகம்.

கடைக்காரர் நிதானமான மனிதர். ஜவுளிக்கடையில் வேட்டி எடுத்துப் போடுவது போல எடுத்துப் போட்டார். ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், திருச்சி தொழிற்சாலையில் செய்த பம்ப் ஆக்‌ஷன். எல்லாம் பன்னிரண்டு போர். பன்னிரண்டு என்றால் என்ன என்று கேட்டேன். குழலின் விட்டத்துக்குச் சரியாக ஈயக் குண்டு வார்த்தால் ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு குண்டு வரும், அதுதான் கணக்கு என்றார். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். எண் சிறிதானால் வாய் பெரிதாகும். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லவேண்டும். ஒரு பொருளுக்குப் பெயர் வந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் அந்தப் பொருளையே தெரிந்துகொண்ட மாதிரி ஒரு மயக்கம் நமக்கு எப்போதும் உண்டு.

பிறகு தோட்டா. ஆறாம் நம்பரில் இருநூறுக்கு மேல் சிறு ரவை, பறவைக்கு. எஸ்ஜி, எல்ஜி என்றால் பெரிய குண்டுகள் சில மட்டும், பன்றிக்கு. வீட்டுக்கு எது என்று அண்ணன் கேட்டார். கடைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்குள் மிக நீளமான தூரம் எவ்வளவு என்று கேட்டார். வாசல் கதவிலிருந்து சமையற்கட்டுச் சுவர் வரை பதினாறு அடி. அந்தத் தூரத்தில் ரவை விரிந்து பரவும், குறி பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அது தப்பு, உள்ளங்கை அகலத்துக்குமேல் விரியாது, குறி பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றார். எழுபத்து நாலு வயதில், கண்ணாடி இல்லாமல், இருட்டில், தூக்கத்திலிருந்து எழுந்து.

ரிவால்வர் வேண்டாமா என்று நான் கேட்டேன். முப்பத்திரண்டு போர் ரிவால்வர் இருக்கிறது, கான்பூரில் செய்கிறார்கள். ஆனால் கைத்துப்பாக்கியால் குறி தவறாமல் சுட நீண்ட பழக்கம் வேண்டும், லைசென்ஸும் சுலபமில்லை என்றார். சட்டத்தைப் பார்த்தபோது அவர் சொன்னதன் அடிப்படை புரிந்தது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் தற்காப்புக்கென்று குடிமகன் கேட்டால் கொடுக்கச் சொல்வது இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரிகள் இல்லாத துப்பாக்கியை. பயிர்க் காவலுக்கு, வாய்வழி மருந்து கிட்டிக்கிற துப்பாக்கி. மற்றதெல்லாம் அதிகாரியின் திருப்தியைப் பொறுத்தது. மறைத்து எடுத்துப்போக முடியாத நீளத்தைச் சட்டம் விரும்புகிறது. நியாயமாகத்தான் படுகிறது. நீளமான துப்பாக்கி வீட்டிலேயே இருந்துவிடும்.

ஆனால் வீட்டில் எங்கே இருக்கும்? 2016ஆம் வருஷத்து விதிகளின்படி பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். குழந்தை எடுக்காமல், வேலையாள் எடுக்காமல், குடித்துவிட்டு வருகிற மருமகன் எடுக்காமல். சரிதான். கதவை உடைத்துக்கொண்டு வருகிறவனோ பத்து விநாடியில் உள்ளே இருப்பான். சாவி எங்கே, பெட்டி எங்கே, தோட்டா எங்கே. துப்பாக்கி பத்திரமாக இருந்தால் கைக்கு எட்டாது. கைக்கு எட்டினால் பத்திரமாக இல்லை. எந்த மாடலை வாங்கினாலும் இந்த முடிச்சு அவிழ்வதில்லை. அண்ணனிடம் சொன்னேன். தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன், யார் வந்து பார்க்கப் போகிறான் என்றார். போதாததற்குத் தேர்தல் வேறு. 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் எங்கள் கிழக்குத் தோட்டத்துக்காரர் தன் இரட்டைக்குழலைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ஜூன் மாதம் வரை கதவுக்குப் பின்னால் கடப்பாரையைச் சாத்தி வைத்திருந்தார். திருடர்களுக்கும் தேர்தல் நடத்தை விதிமுறை உண்டு என்று நம்பவேண்டியதுதான்.

சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் படித்தேன். பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சங்கிதாவில் 34 முதல் 44 வரை வந்திருக்கின்றன. ராத்திரியில் வீடு புகுகிறவனைக் கொல்லும் அளவுக்குத் தற்காப்பு உரிமை நீளும். ஆனால் தேவைக்கு அதிகமாக ஒரு இம்சையும் கூடாது. தேவை எவ்வளவு என்பதைப் பிறகு ஒரு நீதிபதி பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தீர்மானிப்பார். சட்டத்தை நான் கேலி செய்யவில்லை. வேறு எப்படித் தீர்மானிக்க முடியும்?

எங்கள் தாத்தா காலத்தில் வீட்டைக் காக்கத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை. 1801இல் பாளையக்காரர்களை அடக்கியபின் கம்பெனி ஊர் ஊராக ஆயுதங்களைப் பிடுங்கியது. 1878இல் வந்த சட்டத்தில் வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் தேவையில்லை, நமக்குத் தேவை. இடையில் வீட்டையும் களத்தையும் காத்தது காவல்காரன். அறுவடையில் அவனுக்குப் பங்கு. மாடு திருட்டுப் போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொள்வது தெற்கே பல ஊர்களில் நடைமுறை. திருடத் தெரிந்தவனிடமே காவலை ஒப்படைப்பது என்பதில் ஒரு அவமானம் இருந்தது, கொள்ளையும் இருந்தது. அது நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் வருகிறவனுக்குப் பெயர் உண்டு. துப்பாக்கி ஏற்பாட்டில் வருகிறவனுக்குப் பெயர் இல்லை. அவன் இருட்டில் ஒரு உருவம். உருவத்தைத்தான் சுடமுடியும்.

அந்த உருவமாக நான் ஒருமுறை நின்றிருக்கிறேன்.

1979. சென்னையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்தேன். கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி இட்டேரியில் நடந்து வீடு சேர மணி ஒன்றாகிவிட்டது. பழைய நாய் செத்து, புது நாய்க்கு என்னைத் தெரியாது. குரைத்தது. திண்ணையில் ‘யார்ரா அது’ என்று அப்பாவின் குரல். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. நடந்த களைப்பா, நாயின் பயமா, தெரியாது. பெயரைச் சொல்ல ஒரு நொடி ஆயிற்று. அந்த நொடியில் ஒற்றைக்குழலின் குதிரை பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பெயரைச் சொன்னேன். அப்பா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் விளக்கை எடுத்து வந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

சில வருஷங்கள் கழித்து ஊருக்குப் போனபோது துப்பாக்கி சுவரில் மாட்டியிருந்தது. தோட்டா வைக்கிற தகர டப்பா காலியாக இருந்தது. அம்மாவைக் கேட்டேன். ‘அது எதுக்குடா, ஒளிச்சு வெச்சுட்டேன்’ என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மகனைச் சுட இருந்த கையை நினைத்து அந்த வீடே துப்பாக்கியை நிராயுதமாக்கிவிட்டது. 1985இல் அதைக் கதையாக எழுதினேன். நண்பர்கள் நல்ல கதை என்றார்கள். சுவரில் துப்பாக்கி இருந்தால் அது வெடித்தாகவேண்டும் என்கிற செகாவின் விதியை இவன் மீறிக் காட்டியிருக்கிறான் என்று ஒருவர் எழுதினார். நானும் அதை நம்பினேன். நாற்பது வருஷமாக நம்பினேன். 1994இல் அப்பா இறந்த பிறகு, லைசென்ஸ்காரர் இல்லாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதால் அண்ணனும் நானும் அதை ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய் ஒப்படைத்தோம். எண்ணெய் பூசிப் பளபளப்பாக இருந்தது.

இந்த மே மாதத்தில், அண்ணன் விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்கக் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில், அண்ணி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“தம்பி, நான் ஒண்ணு சொல்றனுங். அண்ணங்கிட்டக் கேட்டுப்போடாதீங்க. அத்தை அந்தத் தோட்டாவை ஒளிச்சது உங்களுக்காக இல்லீங்.”

“பின்னே?”

“கிணறு வத்துன வருஷம். நகையெல்லாம் பேங்குல இருந்துது. மாமா ஒரு ராத்திரி பூரா கட்டுத்தரையில துப்பாக்கியை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாருங். அத்தை பாத்துட்டாங்க. ஒண்ணும் பேசாம வந்து படுத்துட்டாங்க. விடிஞ்சு அவரு சந்தைக்குப் போனதும் என்னையக் கூட்டிட்டுப் போயி எருக்குழியில பொதைச்சாங்க. ஒருத்தருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்ற கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க.”

1983 வறட்சி. நான் அப்போது சென்னையில் சிறுபத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன்.

“அப்பா கேட்கவில்லையா, தோட்டா எங்கே என்று?”

“ஒரு நாளும் கேக்கலீங். பொங்கலுக்குப் பொங்கல் எண்ணெ போட்டுத் தொடைச்சு வெப்பாரு. அவ்வளவுதான்.”

பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு முக்கியம். “உங்க அண்ணன் இப்பத் தூங்கறதே இல்லீங். வாசல்ல சேரைப் போட்டு உக்காந்துக்கறாரு. திருடனுக்குத்தான்னு சொல்றாரு. பசங்க வாரதில்லை, தண்ணி இல்லை, ஆளு கெடைக்கறதில்லை. எனக்கு மாமா உக்காந்திருந்த மாதிரியேதான் இருக்குது. வீட்டுல மருந்து டப்பா இருக்கறதே போதுமுங் தம்பி.”

மருந்து என்கிற சொல்லை எங்கள் பக்கம் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. பருத்திக்கு அடிப்பதும் மருந்து. துப்பாக்கியில் கிட்டிப்பதும் மருந்து. ‘மருந்து குடிச்சுட்டான்’ என்றால் ஊரில் யாரும் எந்த மருந்து என்று கேட்பதில்லை. பரணில் இருக்கிற அந்த டப்பாவை எத்தனை வீட்டுப் பெண்கள் இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

வேறு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில், சியாட்டில் நகரம் உள்ள கிங் கவுண்டியில், 1978 முதல் 1983 வரையான ஆறு வருஷங்களின் துப்பாக்கிச் சாவுகளை இரண்டு மருத்துவர்கள் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த வீடுகளிலேயே நிகழ்ந்த சாவுகள் 398. அதில் வீட்டுக்குள் புக முயன்று சுடப்பட்டவர்கள் 2 பேர். தற்கொலை 333. இந்த ஆய்வின் மீது ஆட்சேபங்கள் உண்டு. ஆளைக் கொல்லாமல் துப்பாக்கியைக் காட்டியே விரட்டியதெல்லாம் இதில் வராது என்பார்கள். அது சரியான ஆட்சேபம். அது வேறு தேசம், கடையில் போய் வாங்கிவருகிற தேசம், என்பதும் சரி. ஆனாலும் அந்த 2க்கும் 333க்கும் இடையில்தான் எங்கள் அம்மா எருக்குழி தோண்டினாள் என்று எனக்குப் படுகிறது. அவளுக்கு எண்கள் தேவைப்படவில்லை. கட்டுத்தரையில் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்த விதம் போதுமாக இருந்தது.

கடையில் நாங்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் வெளியிலிருந்து வருகிறவனைப் பற்றியவை. அவனுக்கு எந்தக் குழல், எந்தத் தோட்டா, எவ்வளவு தூரம். துப்பாக்கியோடு கூடவே இருக்கப் போகிறவனைப் பற்றி ஒரு கேள்வியும் நாங்கள் கேட்கவில்லை. திருடன் வராமலே போகலாம். வந்தாலும் ஒரு ராத்திரி வருவான். மற்ற எல்லா ராத்திரியும் அது அண்ணனோடுதான் இருக்கும். விதிகள் இதை அடியோடு மறந்துவிடவில்லை. உடல் நலம், மன நலம் பற்றி மருத்துவர் சான்றிதழ் வேண்டும். அண்ணன் அதை வாங்கி வந்துவிட்டார். மருத்துவர் பிரஷர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தூக்கம் வருகிறதா என்று கேட்டாராம். வருகிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

என் கதையைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். அதில் நான் எழுதியதெல்லாம் நடந்தது. அர்த்தம்தான் பொய். துப்பாக்கியின் எதிரில் என்னை நிறுத்தி, அந்த வீட்டின் துக்கம் முழுவதையும் என்னைச் சுற்றி வரைந்துகொண்டேன். அப்பா எங்கே இருந்தார் என்று பார்க்கவில்லை. அவர் துப்பாக்கியின் பின்னால் இருந்தார், நான் பார்த்தது வாயைத்தான். அனுபவத்துக்கு நேர்மையாக எழுதவேண்டும் என்று இந்தப் பக்கங்களில் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறோம். யாருடைய அனுபவம் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. அந்தக் கதை ஒரு தொகுப்பிலும் இருக்கிறது. திருத்த முடியாது. திருத்தினால் இன்னொரு பொய்யாகும்.

விண்ணப்பம் என் மேஜைமேல் இருக்கிறது. முதல் தடவை ஒரு பக்கத்தில் தப்பு என்று சொன்னேன். இரண்டாம் தடவை விலாசச் சான்று பழையது என்றேன். மூன்றாம் தடவை நான் ஒன்றும் சொல்வதற்குள் அண்ணனே, “கதையெல்லாம் எழுதறே, ஒரு பாரம் எழுத உனக்கு இத்தனை மாசமா?” என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்த இட்டேரியில் இன்றைக்கு ராத்திரி யாராவது இறங்கினால், பூர்த்தி செய்யாத இந்தத் தாளுக்கு நான் பதில் சொல்லவேண்டியிருக்கும். அம்மாவுக்குச் சுலபம் என்று நினைக்கத் தோன்றுகிறது. அப்போது இட்டேரியில் யாரும் வரவில்லை. உள்ளே இருப்பவனுக்கு மட்டும் அவள் பயந்தால் போதும். எனக்கு இரண்டு பயம், ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு விஷம்.

திருப்பூரிலிருக்கிற அவர் மகனிடம் பேசினேன். வாசலில் கேமரா வைத்திருக்கிறான். இன்னொரு நாய் வந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு ராத்திரி நான் போய்ப் படுக்கிறேன். வாசலில் அவர் சேருக்குப் பக்கத்தில் இன்னொரு சேர் போட்டு உட்காருகிறோம். பேச்சு அதிகமில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்கலாமா என்று நாக்கு நுனி வரை வருகிறது. அண்ணிக்குச் சொன்ன வார்த்தை தடுக்கிறது. அவருக்கும் தெரியுமோ என்று சில சமயம் சந்தேகமாக இருக்கிறது.

மற்ற ராத்திரிகளில் ஒன்பது மணிக்குப் போன் செய்கிறேன். எடுக்கத் தாமதமாகிறது. வாசலிலிருந்து எழுந்து உள்ளே வரவேண்டும், முட்டி வலி. ஐந்தாவது மணியோ ஆறாவது மணியோ அடித்த பிறகுதான் எடுக்கிறார். “சாப்பிட்டாச்சா?” என்கிறேன். “ஆச்சு” என்கிறார்.